ஊலாங் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் பயணப் பெட்டிகளுக்குள் இருந்து ஊலாங் தேயிலை இப்போது யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் வந்து சேர்கிறது. கடுஞ்சாயத் தேத்தண்ணீரில் வளர்ந்த நமக்கு அதை எப்படி மதிப்பிடுவது என்பதில் இயல்பாகவே பல ஐயங்கள் எழுகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருக்கிறேன். சாயத்தின் கடுமையை அளவுகோலாகக் கொண்டால் ஊலாங்கை விளங்கிக்கொள்ள முடியாது என்பதே இந்த விடைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஊலாங் எண்டது பச்சைத் தேயிலையோ, நாங்கள் குடிக்கிற கறுப்புத் தேயிலையோ?

மூன்றும் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள்தாம். வேறுபாடு பதப்படுத்தும் முறையில் இருக்கிறது. பறித்த கொழுந்தை வாட்டி நசித்தால், இலையிலுள்ள நொதியங்கள் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு அதன் பல்பீனோல்கள் என்ற துவர்ப்புப் பொருள்களை மாற்றத் தொடங்குகின்றன. வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வகையான ஒட்சியேற்றமே. பச்சைத் தேயிலையில் இந்த மாற்றத்தைத் தொடக்கத்திலேயே வெப்பம் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். கறுப்புத் தேயிலையில் அதை முழுமையாக நடக்க விடுகிறார்கள். ஊலாங்கில் இடையில் நிறுத்துகிறார்கள்.

அந்த இடைப்பகுதி மிக அகலமானது. தாய்வானின் பாவோசொங் வகையில் ஒட்சியேற்றம் ஏறத்தாழ 10 முதல் 15 வீதம்தான்; அதே தீவின் ஓரியன்டல் பியூட்டி வகையில் அது 60 வீதத்தையும் தாண்டும். சீனாவின் பூஜியான் மாகாணத்து அன்சி பகுதியில் பிறந்த டியேகுவான்யின், அதே மாகாணத்து வூயி மலைகளின் பாறைத் தேயிலைகள், குவாங்டொங் மாகாணத்துப் பீனிக்ஸ் மலையின் டான்சொங், தாய்வானின் டொங்டிங், அலிஷான் ஆகியவை எல்லாம் ஊலாங்தான். ஆகவே உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாவோசொங்கில் வறுத்த மணத்தையும் பாறைத் தேயிலையில் பச்சைப் பூ மணத்தையும் தேடினால் இரண்டுக்கும் தவறான தீர்ப்பே கிடைக்கும்.

சாயமே இறங்கேல்லையே, தரம் குறைஞ்ச தேயிலையோ?

இல்லை. ஒட்சியேற்றம் குறைந்த ஊலாங்கின் சாயம் வெளிர் மஞ்சளாகவோ இளம்பச்சை கலந்த பொன்னிறமாகவோ இருப்பதே முறை. வறுத்த வகைகள் தேன் நிறத்திலும் செம்பழுப்பிலும் இருக்கும். நிறத்தின் ஆழம் ஒட்சியேற்றத்தையும் வறுப்பையும் காட்டுமே தவிர, தரத்தைக் காட்டாது. நிறத்தில் பார்க்க வேண்டியது தெளிவு: வெள்ளைக் கோப்பையின் அடி துலக்கமாகத் தெரிய வேண்டும், கலங்கலாகவோ மங்கிய சாம்பல் நிறமாகவோ இருக்கக் கூடாது. ஆனால் கலங்கலுக்குத் தேயிலையைக் குற்றம் சொல்லும் முன் கீழே தண்ணீர் பற்றிச் சொல்லப்படுவதைப் படியுங்கள்.

பாலும் சீனியும் விட்டுக் குடிச்சுப் பாக்கலாமோ?

குடிப்பது உங்கள் விருப்பம், மதிப்பிடும்போது வேண்டாம். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு பிணைந்துகொள்வதால், துவர்ப்பு கூடியதா குறைந்ததா என்பதே தெரியாமல் போகும். சீனி கசப்பை மறைக்கும். அதோடு ஊலாங்கின் சொந்த இனிப்பையும் மறைக்கும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். முதலில் வெறுமையாகச் சுவைத்துக் குறிப்பெழுதி முடித்த பின் பனங்கட்டியை எடுக்கலாம்.

வீட்டில என்னென்ன சாமான் வேணும்? எவ்வளவு தேயிலைக்கு எவ்வளவு தண்ணி?

உட்புறம் வெண்மையான பீங்கான் கோப்பை, அதை மூட ஒரு சிறு தட்டு, வடிக்க ஒரு வடி, ஊற்றிப் பார்க்க இன்னொரு வெள்ளைக் கிண்ணம், ஒரு பெரிய கரண்டி, மணிக்கூடு: இவ்வளவும் போதும். கிராம் கணக்கில் நிறுக்கும் சிறு தராசு இருந்தால் மிக நல்லது. உருண்டையாகச் சுருட்டிய ஊலாங் ஒரு தேக்கரண்டியில் அண்ணளவாக 3 கிராம் பிடிக்கும். நீளமாக முறுக்கிய பாறைத் தேயிலை அதே கரண்டியில் அதைவிட நன்கு குறைவாகவே பிடிக்கும். கரண்டியை நம்பி இரண்டையும் ஒப்பிட்டால், ஒன்று காரணமில்லாமல் வலுக்குறைந்ததாகத் தெரியும்.

அளவுக்கு இரண்டு முறைகள் உண்டு. முதலாவது சோதனை முறை: 3 கிராம் தேயிலை, 150 மில்லிலீற்றர் கொதிநீர், 5 முதல் 6 நிமிடம், ஒரே ஒரு ஊற்று. தாய்வானின் தேயிலைப் போட்டிகளில் இந்த முறையைத்தான் கையாளுகிறார்கள். குறைகளை ஒளிக்காமல் வெளியே கொண்டுவரும். நமது கொழும்புத் தேயிலைச் சுவைஞர்கள் பழகிய முறையும் விகிதத்தில் இதற்கு நெருங்கியதே. ஐஎஸ்ஓ 3103 என்ற சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்று சொல்கிறது. இரண்டாவது பல ஊற்று முறை: சீனாவின் நியமத்தில் 5 கிராமுக்கு 110 மில்லிலீற்றர் கொள்ளும் மூடிக் கிண்ணத்தில் 2, 3, 5 நிமிடங்கள் என மூன்று முறை ஊற்றுகிறார்கள். ஒரு தேயிலையை வாங்கலாமா என்று முடிவெடுக்க முதலாவது முறையும், அதை நன்றாக அறிந்துகொள்ள இரண்டாவது முறையும் எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. நேரமிருந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

எங்கட கிணத்துத் தண்ணியில போட்டால் மேல ஆடை மாதிரிப் படியுது, மணமும் இல்லை. தேயிலை பழுதோ?

பெரும்பாலும் தேயிலையில் பழுதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது; கிணற்று நீர் அந்தக் கல்லினூடாக ஊறி வருவதால் கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த வன்னீராக இருக்கிறது. கேத்திலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படிவு அதற்குச் சான்று. இப்படிப்பட்ட நீரில் தேயிலையின் பல்பீனோல்கள் கல்சியத்தோடும் காற்றோடும் சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய ஆடையாகப் படர்கின்றன. நீரின் காரத்தன்மை சாயத்தைக் கறுக்கச் செய்கிறது. மெல்லிய பூ மணங்கள் மழுங்கிப்போகின்றன. கடுஞ்சாயத்தில் பாலும் சீனியும் விட்டுக் குடிக்கும்போது இந்த இழப்பு நமக்குத் தெரிவதில்லை. ஊலாங்கில் அதுவே முழு இழப்பாகிறது. கரையோர ஊர்களில் உவர்த்தன்மையும் சேர்ந்தால் சுவைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. நீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிவு தங்கிய பின் மேலிருக்கும் தெளிந்த நீரை மட்டும் மெதுவாக இறுத்து மீண்டும் சூடாக்கினால் வன்மையின் ஒரு பகுதி நீங்கும், உவர்ப்பு நீங்காது. தூய்மையாகச் சேகரித்து வடிகட்டிய மழைநீர் மென்மையானது. போத்தல் நீர் வாங்குவதென்றால் சிட்டையில் கல்சியத்தின் அளவு குறைவாக இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். சவ்வு வடிகட்டியில் கனிமங்கள் முழுவதும் நீக்கிய நீரில் தேத்தண்ணீர் தட்டையாகச் சுவைக்கலாம். அதில் சிறிதளவு நல்ல கிணற்று நீர் கலந்து பார்ப்பது வீண் முயற்சியல்ல.

ஒரே தேயிலையை ஒரே அளவில், ஒரு கோப்பையில் கிணற்று நீரிலும் மற்றதில் மென்னீரிலும் போட்டு அருகருகே வைத்துச் சுவையுங்கள். ஊலாங் சுவைக்கத் தொடங்கும் எவரும் யாழ்ப்பாணத்தில் முதலில் செய்ய வேண்டிய பயிற்சி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

கொதிதண்ணி விட்டால் இலை வெந்து போகாதோ?

மதிப்பிடும்போது கொதிநீரே வேண்டும். அப்போதுதான் குறை வெளியே வரும். அருந்தும்போது, ஒட்சியேற்றம் குறைந்த பச்சை வகைகளுக்கு 90 பாகை செல்சியஸ் அளவுக்கு ஆறவிட்ட நீரும், வறுத்த வகைகளுக்குக் கொதிநீரும் பொருந்தும்.

எதை முதல்ல பாக்கிறது? ஒழுங்கு ஒண்டு இருக்கோ?

உண்டு. முதலில் உலர்ந்த இலை. ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, உருண்டைகளோ முறுக்குகளோ அளவில் ஒத்திருக்கின்றனவா, தூளும் உடைசலும் எவ்வளவு, நிறம் உயிர்ப்புடன் மினுங்குகிறதா என்று பாருங்கள். காம்பு தெரிந்தால் உடனே குறை சொல்ல வேண்டாம். தாய்வானின் உருட்டிய ஊலாங்கில் இலையோடு காம்பும் சேர்ந்திருப்பது வழக்கம், நல்ல டியேகுவான்யினில் பெரும்பாலும் அதைப் பொறுக்கி நீக்கிவிடுவார்கள். பின் கொதிநீரால் சூடாக்கிய வெறுங்கோப்பையில் இலையைப் போட்டு மூடி, ஒரு நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். ஈரமில்லாத வெப்பத்தில் எழும் இந்த மணம், வறுப்பு எப்படிப்பட்டது என்பதையும் பழைய வாடை இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடும்.

நீர் ஊற்றி வடித்த பின், மூடியையும் ஈர இலையையும் மூன்று நிலையில் முகர வேண்டும். சுடச்சுட முகரும்போது புகை, பூஞ்சணம், புளிப்பு போன்ற குறைகள் தெரியும். இளஞ்சூட்டில் மணத்தின் வகையும் நுட்பமும் தெரியும். ஆறிய பின் முகரும்போது அந்த மணம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பது தெரியும். ஆறிய இலையிலும் பூ மணம் தங்கியிருந்தால் அது நல்ல கைவினையின் அடையாளம். அடுத்துச் சாயத்தின் தெளிவு. அதன் பிறகே வாயில் எடுப்பது. ஏறத்தாழ 50 பாகை அளவுக்கு ஆறியிருக்க வேண்டும், ஏனெனில் நாக்கைச் சுடும் தேத்தண்ணீரில் சுவை பிரித்தறிய முடியாது. வாயில் கனதி, இனிப்பு, துவர்ப்பு, விழுங்கிய பின் தொண்டையில் எஞ்சுவது ஆகியவற்றைத் தனித்தனியே கவனியுங்கள்.

கடைசியாக ஈர இலையைத் தண்ணீரில் விரித்துப் பாருங்கள். பலர் இந்தப் படியைத் தவறவிடுகிறார்கள். எனக்கோ இதுதான் மிகவும் பிடித்த பகுதி. வாட்டிய கொழுந்தை மூங்கில் தட்டில் குலுக்கி, ஓயவிட்டு, மீண்டும் குலுக்குவதால் இலையின் விளிம்பு மட்டும் நசிந்து சிவக்கும். நடு பச்சையாகவே இருக்கும். சிவப்பு மூன்று பங்கு, பச்சை ஏழு பங்கு என்பது சீனத் தேயிலைக்காரரின் பழைய இலக்கணம். இலை முழுமையாக, மென்மையாக விரிய வேண்டும். திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தால் குலுக்கும்போதோ பறிக்கும்போதோ இலை கண்டபடி நசிந்திருக்கிறது. விரியாமல் விறைத்து, கரிபோல் இருந்தால் வறுப்பு அளவுமீறிப் போயிருக்கிறது. ஆனால் இன்று விற்கும் பச்சை நிற டியேகுவான்யின் சிலவற்றில் சிவந்த விளிம்பைச் செய்முறையிலேயே உரசி நீக்கிவிடுவதுண்டு. அங்கே சிவப்பைத் தேட வேண்டாம்.

டேஸ்ற் பண்ணுறவை ஏன் அப்பிடிச் சத்தம் போட்டு உறிஞ்சுகினம்?

நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணம். காற்றோடு சேர்த்து வேகமாக உறிஞ்சும்போது தேத்தண்ணீர் நுண்துளிகளாகச் சிதறி, மணப்பொருள்கள் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைகின்றன. கரண்டியில் எடுத்து உறிஞ்சி, வாயில் சுழற்றி, மூக்கால் மூச்சு விடுங்கள். பல தேயிலைகளைப் பார்க்கும் நாளில் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். வெறுவயிற்றில் வேண்டவே வேண்டாம், தலை சுற்றும். வெற்றிலை, சுருட்டு, கறிச் சாப்பாடு ஆகியவற்றுக்குப் பின் குறைந்தது ஒரு மணி நேரமாவது விட்டுச் சுவையுங்கள். கோப்பைகளுக்கு இடையில் வெதுவெதுப்பான நீரும் ஒரு துண்டு வெறும் பாணும் போதும்.

பெட்டியில ஓர்கிட் மணம், பீச் மணம் எண்டெல்லாம் எழுதிக் கிடக்கு. எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே?

அந்தப் பூவையும் பழத்தையும் முகர்ந்து பழகாதவருக்கு அந்தப் பெயர்கள் உதவமாட்டா. மணம் உண்மையிலேயே இருக்கிறது: லினலூல், ஜெரானியோல், நெரோலிடோல், இண்டோல் போன்ற மணச்சேர்வைகள் ஊலாங்கில் உருவாகின்றன, இவற்றில் சில மல்லிகையிலும் உள்ளவை. நமக்குத் தெரிந்த மணங்களைக் கொண்டே குறிப்பெழுதுங்கள். மல்லிகை, செண்பகம், வேப்பம்பூ, பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் தோல், விளாம்பழம், தேன், காய்ச்சும் பனம்பாகு, வறுத்த பயறு, வறுத்த அரிசி மா, மழை விழுந்த மண்: இந்தப் பட்டியலோடு தொடங்கினாலே பெரும்பாலான ஊலாங்குகளை விவரித்துவிடலாம். உங்கள் குறிப்பை நாளை நீங்களே படித்து அதே மணத்தை நினைவுகூர முடிந்தால் அது நல்ல குறிப்பு.

இன்னும் ஒன்றும் மணக்கவில்லை என்றால், முதலில் தண்ணீரை ஐயுறுங்கள். அடுத்து, தேயிலை சமையலறையில் எங்கே இருந்தது என்று பாருங்கள்.

கசப்பும் துவர்ப்பும் ஒண்டுதானே? இருந்தால் கூடாத தேயிலையோ?

ஒன்றல்ல. கசப்பு நாக்கு உணரும் சுவை. துவர்ப்போ, பல்பீனோல்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைவதால் கன்னத்தின் உட்புறமும் ஈறும் உலர்ந்து இறுகும் உணர்வு. பிஞ்சு வாழைக்காயைக் கடித்தவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டும் ஓரளவு இருக்கத்தான் வேண்டும். முற்றிலும் இல்லாத ஊலாங் உப்புச்சப்பற்றது.

பார்க்க வேண்டியது அவை எவ்வளவு விரைவில் விலகுகின்றன, விலகிய இடத்தில் என்ன வருகிறது என்பதை. நல்ல ஊலாங்கில் துவர்ப்பு சில நொடிகளில் கரைந்து, வாய் ஊறி, தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு மேலெழும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தபின் வருவதை ஒத்த அந்த இனிப்பு சில நிமிடங்கள் நிற்கும். தரங்குறைந்ததில் துவர்ப்பு நாக்கின் மேல் படிந்தே கிடக்கும். கசப்போடு பச்சைப் புல் வாடையும் சேர்ந்து வந்தால் வாட்டலும் ஒட்சியேற்றமும் போதாமல் அவசரமாகச் செய்த தேயிலை என்று கொள்ளலாம்.

ஒரே இலையில எத்தனை தரம் ஊத்தலாம்?

5 கிராமுக்கு 110 மில்லிலீற்றர் என்ற அளவில், குறைந்த நேரமாக ஊற்றினால், நல்ல உருட்டிய ஊலாங் ஐந்தாறு ஊற்றுக்குத் தாராளமாக நிற்கும். எண்ணிக்கையைவிட மாற்றமே முக்கியம். முதல் ஊற்றில் மேலெழும் மணம், இரண்டிலும் மூன்றிலும் கனதி, பின் மெல்ல இனிப்பு மட்டும் எஞ்சுவது என்று ஓர் ஒழுங்கு தெரிய வேண்டும். முதல் ஊற்றில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு இரண்டாவதில் வெறுந்தண்ணீராகிவிடும் தேயிலைக்கு நான் உயர்ந்த மதிப்புக் கொடுப்பதில்லை.

பால் ஊலாங் எண்டு ஒரு பக்கற், பிரிச்ச உடன ரொபி மாதிரி மணக்குது. உண்மையானதோ?

தாய்வானில் 1981இல் வெளியிடப்பட்ட ஜின் சுவான் என்ற தேயிலை இனத்துக்கு இயற்கையாகவே மெல்லிய பாலாடை மணம் உண்டு. மெல்லிய என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொதியைப் பிரித்ததும் அறை முழுவதும் இனிப்புப் பண்ட மணம் வீசினால் அதில் மணமூட்டி சேர்த்திருக்கிறார்கள்.

மேலே சொன்ன பல ஊற்று முறையே இதற்கும் சோதனை. சேர்த்த மணம் முதல் ஊற்றில் ஓங்கி நின்று மூன்றாவது ஊற்றில் மறைந்துபோகும். இயற்கை மணம் படிப்படியாகவே குறையும். ஆறிய ஈர இலையை முகர்ந்தாலும் வேறுபாடு தெரியும். மணமூட்டிய தேயிலை குடிக்கக் கூடாதது அல்ல. ஆனால் இயற்கை மணம் என்று சொல்லி அதற்கான விலை வாங்குவது ஏமாற்று.

கருகின மணம் வந்தால், அது வறுத்த ஊலாங்கோ, பழுதான ஊலாங்கோ?

சரியாக வறுத்ததில் வறுத்த பயறு, பாகு, கொட்டைகளின் மணமும் அதன் கீழே பூ அல்லது பழத்தின் மணமும் இருக்கும். விழுங்கிய பின் இனிப்பு வரும். வறுப்பைக் கொண்டு தாழ்ந்த இலையின் குறையை மூடியிருந்தால் கரியின் சுவை மட்டுமே இருக்கும். ஈர இலையும் முன் சொன்னதுபோல் விரியாது. ஒரு விதிவிலக்கு: புதிதாகக் கரிநெருப்பில் வறுத்த பாறைத் தேயிலையில் நெருப்பு மணம் தூக்கலாக இருக்கும். அதைச் சில மாதங்கள் மூடி வைத்திருந்து மறுபடி சுவைத்த பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கனடாவில இருந்து சித்தி கொண்டந்த பெட்டி ஒரு வருசமாக் குசினியில கிடக்கு. இப்ப பாத்து மதிப்புப் போடலாமோ?

வறுத்த வகையாக, காற்றுப் புகாமல் இருந்தால் போடலாம். பச்சை வகையாக இருந்தால் நீங்கள் மதிப்பிடப்போவது தேயிலையை அல்ல, நமது வெக்கையையும் மாரிகால ஈரத்தையும்தான். தேயிலை ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சும். வறுத்து இடித்த கறித்தூளுக்கும் கருவாட்டுக்கும் அருகில் வைத்த பெட்டியில் எந்தப் பூ மணமும் மிஞ்சாது.

பச்சை வகைகளைச் சிறு பொதிகளாக இறுக அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்த உடனே பிரிக்கக் கூடாது; பொதி அறைவெப்பத்துக்கு வந்த பின் பிரியுங்கள், இல்லாவிட்டால் நமது ஈரக் காற்று குளிர்ந்த இலையின் மேல் நீராகப் படிந்துவிடும்.

நுவரெலியாவும் உயரம், அலிஷானும் உயரம். எங்கட மலைநாட்டு ஊலாங்கை அதோட ஒப்பிடலாமோ?

ஒப்பிடலாம், ஆனால் ஒன்றை மற்றதன் குறைபட்ட படியாகப் பார்க்கக் கூடாது. குளிர்ந்த உயரங்களில் கொழுந்து மெதுவாக வளர்வது மணத்துக்கும் மென்மைக்கும் உதவுகிறது என்பது இரண்டு இடத்துக்கும் பொது. செடியின் இனமும் கைவினையும் வேறு. 1867இல் மலைநாட்டின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கிய நாள் முதல் இலங்கைத் தேயிலை பெரும்பாலும் கறுப்புத் தேயிலைக்காகவே வளர்க்கப்பட்டது. இனங்களும் தொழிற்சாலைகளும் அதற்கேற்பவே அமைந்தன. சிறிய அளவில் இங்கே செய்யப்படும் ஊலாங்கில் துவர்ப்பும் கனதியும் சற்றுத் தூக்கலாக இருந்தால் வியப்பில்லை. அது தன் மணத்தோடு ஒத்துப்போகிறதா, விரைவில் விலகுகிறதா என்பதையே பாருங்கள். மலையகத் தொழிலாளர் கையால் பறித்த கொழுந்துக்கு அந்த நியாயமாவது கிடைக்க வேண்டும்.

புள்ளி போடுறதெண்டால் எதுக்கு எவ்வளவு?

ஊலாங்குக்கான சீன நியமத்தில் நூற்றில் உலர் இலையின் தோற்றத்துக்கு 20, சாயத்தின் நிறத்துக்கு 5, மணத்துக்கு 30, சுவைக்கு 35, ஈர இலைக்கு 10. நிறத்துக்கு வெறும் 5 என்பதைக் கவனியுங்கள். வீட்டுப் பயன்பாட்டுக்குத் தோற்றத்தில் பத்தைக் குறைத்து, அதைப் பின்சுவைக்குத் தனியாகக் கொடுப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன். பெட்டியின் அழகில் மயங்குவதை அது கொஞ்சம் தடுக்கும்.

நானும் அவரும் ஒரே தேயிலையைக் குடிச்சு ரெண்டு விதமாச் சொல்லுறம். ஆர் சொல்லுறது சரி?

கவனிப்பையும் விருப்பத்தையும் முதலில் பிரியுங்கள். வறுப்புக் கூடியது என்பது கவனிப்பு. எனக்கு வறுத்தது பிடிக்காது என்பது விருப்பம். இருவரும் பேசாமல் தனித்தனியே எழுதி, பின்னர் ஒப்பிட்டால், கவனிப்புகள் பெரும்பாலும் நெருங்கியே இருக்கும். முதலில் பேசுபவரின் சொல் மற்றவரின் நாக்கை இழுத்துவிடும் என்பதால் இந்த ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

இரண்டு தேயிலைகளில் எது மேல் என்று வாக்குவாதம் வந்தால், மூன்றாவது ஆளைக் கொண்டு மூன்று கோப்பைகளில் ஊற்றச் சொல்லுங்கள்: இரண்டில் ஒரு தேயிலை, ஒன்றில் மற்றது. எது எது என்பது கோப்பையின் அடியில் மட்டும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். தனியாக நிற்கும் கோப்பையை இருவரும் கண்டுபிடித்தால் விவாதத்தைத் தொடரலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால், இரண்டில் விலை குறைந்ததை வாங்குங்கள்.